எடைபோடப்படாத கன்றும் எழுதப்படாத சொல்லும்



இப்பதிவு நீளமானது, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். கால்நடை அறிவியல் என் துறையன்று. மொழியியலில் முதுகலை முடித்து, அறிவியல் எழுத்தில் சொற்கள் எவ்வாறு தெரிவுசெய்யப்படுகின்றன, எவ்வாறு தவிர்க்கப்படுகின்றன என்பதை முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து வருகிறேன். மரபணுவியலில் பிழை இருப்பின் துறையறிந்தோர் திருத்துக. சொற்களைப் பற்றி நான் வைக்கும் குற்றச்சாட்டுக்கு மறுப்பு இருப்பின் அதையும் எழுதுக. விவாதிக்க அணியமாக இருக்கிறேன்.

நிகழ்ந்தது இதுதான். கால்நடை மருத்துவத்தில் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர், இறைச்சிக்கான மாட்டினங்களில் வளர்ச்சியோடும் செயல்திறனோடும் தொடர்புடைய மரபணுக் குறிப்பான்களைப் பற்றி மீளாய்வுக் கட்டுரை ஒன்று எழுதினார். கருத்தரங்குக்கு அனுப்புமுன் மூத்தவர் ஒருவரிடம் காட்டினார். கிடைத்த அறிவுரை ஒரே வரி: உள்ளடக்கம் நன்றாக இருக்கிறது, தலைப்பில் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். 'மாட்டிறைச்சி' போயிற்று, 'கால்நடைகளில் வளர்ச்சிப் பண்புகள்' வந்தது. கட்டுரை ஏற்கப்பட்டது. நண்பருக்கு நிம்மதி. எனக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை.

நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பகுக்கும் என்பது தமிழ் பயின்ற எவர்க்கும் தெரியும்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது முதலாவது; மங்கலமில்லாததை மங்கலமாக்கிச் சொல்வது இரண்டாவது; ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு வைத்துக்கொள்ளும் சொல் மூன்றாவது. அன்றாட வாழ்வில் இம்மூன்றும் நாகரிகம். அறிவியலில் இம்மூன்றும் ஒருசேர ஒரு பொருளின்மேல் கவியும்போது அப்பொருள் ஆய்வின் கண்ணிலிருந்தே மறைந்துவிடுகிறது. இந்தியாவில் மாட்டிறைச்சிக்கு நேர்ந்திருப்பது அதுவே என்பதுதான் இப்பதிவின் வாதம்.

ஒரு சொல்லை மறைத்தால் அறிவியலுக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். அதற்கு விடை காண, குறிப்பான் என்பது என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

குறிப்பான் எதைக் குறிக்கிறது?

மாட்டின் மரபணுத்தொகை 30 இணைக் குரோமோசோம்களில் அடங்கியது. ஏறத்தாழ 270 கோடி எழுத்துகள் கொண்ட நெடிய ஏடு. அதில் ஒரு மாட்டுக்கும் இன்னொரு மாட்டுக்கும் ஓரெழுத்து மாறியிருக்கும் இடங்கள் கோடிக்கணக்கில் உண்டு. அத்தகைய இடங்களுள் சிலவற்றைத் தெரிந்தெடுத்து வாசிப்பதற்கான கருவியே மரபணுச் சில்லு. எடை மிகுந்த மாடுகளில் ஓரெழுத்தும் எடை குறைந்தவற்றில் வேறோர் எழுத்தும் மிகுதியாகக் காணப்படுமானால், அந்த இடம் எடைக்கான குறிப்பான் ஆகிறது.

ஆனால் குறிப்பான் பெரும்பாலும் காரணம் ஆகாது. காரணத்தின் அருகில் நிற்பது. ஒருவர் பேச்சில் 'ஏலே' வந்தால் நெல்லைப் பக்கத்தவர் என்று ஊகிக்கிறோம். அச்சொல் அவரை நெல்லைக்காரர் ஆக்கவில்லை. நெல்லையில் வளர்ந்ததோடு சேர்ந்தே வந்தது. இடம் மாறினால் இந்த ஊகமும் ஆட்டம் காணும். நான் குடியிருக்கும் பெங்களூரு ஜீவனஹள்ளியில், பிறந்தது முதல் மதுரையைப் பார்த்தேயிராத சிறுவன் தன் பாட்டியிடமிருந்து 'அங்கிட்டு' என்ற சொல்லைப் பெற்றிருக்கிறான். அவனை மதுரைக்காரன் என்று முடிவுகட்டினால் பிழை நம்முடையது.

மாடுகளிலும் இதுவே நிகழ்ந்தது. இறைச்சியின் மென்மையோடு தொடர்புடைய கால்பெயின்-1 மரபணுவில் 2002இல் அறிவிக்கப்பட்ட '316' என்ற குறிப்பான் ஐரோப்பிய வழி மாடுகளில் நன்கு பயன்பட்டது. நம்முடையவை போன்ற திமிலுள்ள மாடுகளில் அந்த இடத்தில் எழுத்து வேறுபாடே அரிது. எனவே அக்குறிப்பான் அங்கு ஊமையாயிற்று. இரு வழி மாடுகளுக்கும் பொருந்தக்கூடிய '4751' என்ற இன்னொரு குறிப்பானை 2005இல் முன்வைக்க வேண்டியிருந்தது. ஒரு மக்கள்தொகையில் கண்ட குறிப்பானை இன்னொன்றுக்குக் கடன்வாங்க இயலாது. அந்தந்த மாடுகளை அந்தந்த மண்ணில் அளந்தே காண வேண்டும்.

ஒரே மரபணு பெரிய மாற்றத்தை நிகழ்த்தும் எடுத்துக்காட்டுகளும் உண்டு. தசை வளர்ச்சிக்குக் கடிவாளமிடும் மயோஸ்டாட்டின் மரபணு பழுதுபட்டிருப்பதே பெல்ஜியன் ப்ளூ மாடுகளின் இரட்டைத் தசைக்குக் காரணம் என்பது 1997இல் தெளிவாயிற்று. 11 எழுத்துகள் அங்கு விடுபட்டுள்ளன. அதற்கான விலையைத் தாய்ப்பசு செலுத்துகிறது: கன்று பெருத்திருப்பதால் அவ்வினத்தில் பெரும்பாலான பிரசவங்கள் அறுவை மூலமே நிகழ்கின்றன. வளர்ச்சிக் குறிப்பான் என்றதும் வரம் என்று துள்ளுவோர் இதை நினைவில் கொள்க.

பெரும்பாலான பண்புகள் இவ்வளவு எளிமையானவையும் அல்ல. மாட்டின் உயரத்தைப் பற்றி 2018இல் வெளிவந்த பன்னாட்டுக் கூட்டாய்வு 58,265 மாடுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்தது. உயரத்தோடு தொடர்புடைய 163 இடங்களைக் கண்டது. அவ்வளவும் சேர்ந்து விளக்கியது உயர வேறுபாட்டில் அதிகபட்சம் 13.8 விழுக்காடு. எஞ்சியது இன்னும் கண்டறியப்படாத எண்ணற்ற சிறு மரபணு விளைவுகளிலும் தீவனத்திலும் நோயிலும் பராமரிப்பிலும் பரந்து கிடக்கிறது.

இவ்வாய்வில் என்னை நிறுத்திய எண் 163 அன்று, 58,265. அத்தனை மாடுகளையும் எவரோ ஒருவர் கொட்டிலில் நின்று அளந்திருக்கிறார். குறிப்பான் பிறப்பது ஆய்வுக்கூடத்தில் என்று நாம் நினைக்கிறோம். அது பிறப்பது எடைமேடையில். எடை எழுதப்பட்ட பதிவேடு இல்லையேல், ஐம்பதாயிரம் எழுத்துகளை வாசித்தாலும் ஐந்து லட்சம் எழுத்துகளை வாசித்தாலும் அவை சிந்துவெளி முத்திரைகளைப் போன்றவையே. குறிகள் நம் கையில் இருக்கின்றன. அவற்றுக்குப் பொருள் தரும் இருமொழிக் கல்வெட்டு நம்மிடம் இல்லை. மரபணு எழுத்துக்கும் உடலின் அளவுக்கும் இடையிலான இருமொழிக் கல்வெட்டு எடைப் பதிவேடுதான்.

நெல்லூரும் நெலோரும்

அப்படியொரு பதிவேடு நம் மாடுகளுக்கு இல்லவே இல்லையா? இருக்கிறது, பிரேசிலில் இருக்கிறது.

அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்து கப்பலேறிய ஓங்கோல் மாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரேசில் கரையை அடைந்தன. கடைசிப் பெரிய இறக்குமதி 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. ஓங்கோலுக்கு அருகிலுள்ள கரவதி என்ற சிற்றூரின் பெயரைத் தாங்கிய காளை ஒன்று இன்று அந்நாட்டு மந்தைகளின் மூதாதைகளுள் முதன்மையாகப் போற்றப்படுகிறது. போர்த்துக்கீசிய நாவில் நெல்லூர் 'நெலோர்' ஆயிற்று. உலகின் மிகப்பெரிய மாட்டிறைச்சி ஏற்றுமதி நாடான பிரேசிலின் இறைச்சி மந்தையில் பெரும்பகுதி நெலோர் இரத்தம். வியாட்டினா-19 என்ற நெலோர் பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை 2023இல் ஏலம் போன விலையைக் கொண்டு கணக்கிட்டால், அப்பசுவின் மொத்த மதிப்பு 40 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. அதன் எடை ஏறத்தாழ 1,100 கிலோ.

அமெரிக்காவின் பிராமன் இனமும் இவ்வாறே உருவானது. காங்க்ரேஜ், கிர், ஓங்கோல் ஆகியவற்றோடு நம் கர்நாடகத்தின் கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடும் அதன் முன்னோர் பட்டியலில் உண்டு. பிராமன் வளர்ப்போர் சங்கம் 1924இல் அமைந்தது. மாட்டிறைச்சிக்காகவே வளர்த்தெடுக்கப்பட்ட இனத்துக்கு 'பிராமன்' என்று பெயர் வாய்த்ததைப் பற்றி ஒரு மொழியியல் மாணவர் சொல்லக்கூடியவை பல, இங்கு அடக்கிக்கொள்கிறேன்.

நம் மாடு, நம் மரபணு, அவர்கள் மேய்ச்சல் நிலம், அவர்கள் எடைமேடை. பதினான்காம் குரோமோசோமில் பிளாக்-1 என்ற மரபணுவைச் சுற்றிய பகுதி எடையோடும் உயரத்தோடும் தொடர்புடையது என்பதைத் திமில் மாடுகளில் காட்டிய ஆய்வுகள் பிரேசிலின் நெலோர் மந்தைகளிலும் ஆஸ்திரேலியாவின் பிராமன் மந்தைகளிலும் நடந்தவை. எடையைக் கூட்டும் அதே எழுத்து பருவமடைவதைத் தாமதப்படுத்துகிறது என்ற எச்சரிக்கையும் ஆஸ்திரேலிய மந்தைகளிலிருந்தே வந்தது. ஓங்கோலில் நிற்கும் ஓங்கோல் மாட்டைப் பற்றிய இவ்வறிவை நாம் அயல்நாட்டு இதழ்களில் வாசித்துத் தெரிந்துகொள்கிறோம்.

அவர்களுக்கு ஏன் இயன்றது? பணம் ஒரு காரணம், நிலம் ஒரு காரணம். மூன்றாவது காரணத்தை நாம் சொல்வதில்லை: இம்மாடு எதற்காக என்ற கேள்விக்கு அவர்கள் ஒரு சொல்லில் விடை எழுதினார்கள். அச்சொல்லை எழுதியதால் எதை அளப்பது என்று தெரிந்தது. இதனால் பிரேசில் நமக்கு முன்மாதிரி என்று சொல்லிவிட மாட்டேன். காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய வரலாறும் அந்த மந்தைகளுக்கு உண்டு. அளக்கும் ஒழுக்கத்தை மட்டும் சுட்டுகிறேன்.

சில்லுக்கு வைத்த மங்கலப் பெயர்

நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது அநீதி. ஹைதராபாத்தின் தேசிய விலங்கு உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய 'இண்டிகவ்' சில்லு 2021 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. 2024 அக்டோபர் 5 அன்று மகாராஷ்டிரத்தின் வாசிமில் பிரதமர் மாடுகளுக்கான 'கவ் சிப்', எருமைகளுக்கான 'மஹிஷ் சிப்' ஆகியவற்றை வெளியிட்டார். இவற்றின் பின்னே உண்மையான அறிவியலாளர்களின் உண்மையான உழைப்பு இருக்கிறது. இந்திய மாடுகளில் வளர்ச்சி ஹார்மோன், லெப்டின் போன்ற மரபணுக்களின் வேறுபாடுகளைப் பற்றிய கட்டுரைகளும் நம் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்துள்ளன.

ஆயின் இச்சில்லுகளின் நோக்கமாகப் பொதுவெளியில் சொல்லப்படுபவற்றைக் கவனியுங்கள்: தூய இனங்களைப் பாதுகாத்தல், பால் பெருக்கம், நல்ல காளைகளை இளமையிலேயே தெரிவுசெய்தல். தூய்மை சொல்லத்தக்க சொல். பால் சொல்லத்தக்க சொல். இறைச்சி அப்பட்டியலில் இல்லை. பெயர்களோ மங்கல வழக்கின் உச்சம். இதற்கு நம் மைசூர் மண்ணிலேயே முன்னோடி உண்டு. உடையார் காலத்தில் 'பெண்ணெ சாவடி', அதாவது வெண்ணெய்ச் சாவடி, என்று வழங்கிய அரண்மனை மாட்டுத்துறைக்குத் திப்பு சுல்தான் 'அம்ரித் மஹால்' என்று பெயரிட்டார். வெண்ணெயும் அமுதும் பெயரில். அம்மாடுகளின் புகழோ படைத்தளவாடங்களை இழுத்துச் சென்றதில். பெயரில் பால் வைத்து உடலின் வேறு பயனை மறைப்பது நமக்குப் புதிதன்று. இழுவைக்கு அந்த மறைப்பு தீங்கு செய்யவில்லை, ஏனெனில் இழுவையை எவரும் வெட்கப்பட்டு ஒளிக்கவில்லை.

அதே 2024 அக்டோபர் 5 அன்று, அதே மேடையில், உள்நாட்டில் உருவான பாலினம் பிரித்த விந்துத் தொழில்நுட்பமும் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 90 விழுக்காடு பெண் கன்றுகளே பிறக்கச் செய்வது அதன் பயன். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு கையில் மரபணுவின் பெருமையைச் சொல்லும் சில்லு. மறு கையில் ஆண் கன்று பிறக்காமலே தடுக்கும் குப்பி. ஆண் கன்றை என்ன செய்வது என்ற வினாவுக்கு நம் கொள்கை கண்ட விடை, அக்கன்று இல்லாமற் போவது.

கணக்கெடுப்பும் இதையே சொல்கிறது. 2012இல் நாட்டில் பெண் மாடுகள் ஏறத்தாழ 12.3 கோடி, ஆண் மாடுகள் 6.8 கோடி. 2019இல் பெண் மாடுகள் 14.5 கோடியாக உயர்ந்தன, ஆண் மாடுகள் 4.7 கோடியாகச் சரிந்தன. இயற்கையில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே பிறக்கும். டிராக்டர் வந்து காளையின் வேலை போயிற்று என்பது ஒரு விளக்கம். ஆனால் பிறந்த ஆண் கன்று எத்தனை மாதம் வாழ்ந்தது, எவ்வளவு பால் குடிக்க விடப்பட்டது, ஆறாம் மாதத்தில் என்ன எடையிருந்தது என்ற கேள்விகளுக்கு விடை தேடிச் சென்றால் பால் பதிவேடு கிடைக்கும். பன்னிரண்டு இலக்க எண் கொண்ட காதுவில்லை நம் மாடுகளின் காதில் தொங்குகிறது. அந்த எண்ணுக்கு எதிரே கன்றின் எடை என்ற கட்டம் நாடு தழுவிய அளவில் நிரம்பும் நாள் வரவில்லை.

அகராதியாகிய சட்டம்

பண்பாட்டு அச்சம் என்று மட்டும் இதைத் தள்ளிவிட இயலாது. சொல்லின் பொருளை வரையறுப்பது இங்கே சட்டமும்தான். அரசமைப்பின் 48ஆம் பிரிவு கால்நடை வளர்ப்பை நவீன அறிவியல் வழியில் ஒழுங்கமைக்குமாறு அரசைப் பணிக்கிறது. அதே மூச்சில் பசுவையும் கன்றையும் பிற கறவை, இழுவை மாடுகளையும் வெட்டுவதைத் தடுக்க நடவடிக்கை எடுக்குமாறும் பணிக்கிறது. கறவை, இழுவை என்ற இரு பெயரடைகளுக்குள் மாட்டின் பயன் முழுதும் அடங்கிவிட்டது. மூன்றாம் பயனுக்கு அங்குச் சொல்லே கிடையாது.

2021 சனவரியில் அவசரச் சட்டமாக நடைமுறைக்கு வந்த கர்நாடகப் பசுவதைத் தடுப்பு, கால்நடைப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைப் பகுதியை நான் ஓர் அகராதியாகவே வாசித்தேன். பசு, கன்று, காளை, எருது ஆகியன எவ்வயதிலும் 'கால்நடை'. எருமை 13 வயது நிறையும்வரை 'கால்நடை'. பதின்மூன்றாம் பிறந்தநாளில் எருமை அச்சொல்லின் பொருளெல்லையைவிட்டு வெளியேறுகிறது. அன்றிலிருந்து அதை வெட்டலாம். தவறினால் மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை. 50 ஆயிரம் ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரை தண்டம். இதற்கு முந்தைய 1964ஆம் ஆண்டுச் சட்டம் 12 வயது கடந்த காளைக்கும் எருதுக்கும்கூட அனுமதி தந்திருந்தது.

இப்போது மரபணுக் குறிப்பானுக்குத் திரும்புவோம். உலகெங்கும் 'வளர்ச்சி' என்ற பண்பு பிறப்பு எடை, பால்குடி மறக்கும்போது எடை, ஓராண்டு எடை என்று அளக்கப்படுகிறது. அமெரிக்கத் தீவனக் கொட்டிலில் வளரும் மாடு பெரும்பாலும் ஒன்றரை வயது முதல் இரண்டு வயதுக்குள் வெட்டப்படுகிறது. அதனால்தான் விரைந்த வளர்ச்சிக்கு அங்கு மதிப்பு. பதின்மூன்று வயதில்தான் இறைச்சியாகலாம் என்ற ஊரில் ஓராண்டு எடைக்கு என்ன பொருள்? கால்பெயின் மரபணு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பதின்மூன்று ஆண்டுகளில் இறுகிப்போன தசைநார்ப் புரதத்தை அது இளக்காது. எங்கள் தெருவில் அந்தக் கறி வெந்துவிட்டதா என்பதைக் குக்கர் விசில்களை எண்ணி முடிவுசெய்கிறோம். அந்த எண்ணிக்கை சமையற்குறிப்பைச் சேர்ந்தது என்று நினைத்திருந்தேன். அது சட்டத்தின் வரையறைப் பகுதியைச் சேர்ந்தது என்று இப்போது தெரிகிறது.

உண்பவர்கள் யார் என்பதும் தெரியாத செய்தியன்று. 2011-12 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் தரவுகளின்படி ஏறத்தாழ 8 கோடி இந்தியர்கள் மாட்டிறைச்சியோ எருமை இறைச்சியோ உண்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், கிறித்தவர்கள், தலித்துகள், பழங்குடியினர். மலிவான புரதம் அவர்களுக்குத் தேவை. அந்தக் கணக்கெடுப்பே இரண்டையும் ஒரு சாய்கோட்டின் இருபுறம் வைத்து ஒரே கட்டத்தில் எழுதியது. கேரள உணவகங்களில் 'போத்து', உருது பேசும் தெருக்களில் 'படே கா', ஏற்றுமதிப் பட்டியலில் 'எருமை இறைச்சி': ஒரு பொருளைச் சுற்றி இத்தனை மாற்றுச்சொற்கள் ஒரு மொழிச்சமூகத்தில் குவிந்திருந்தால், அங்கே அச்சம் குடியிருக்கிறது என்று பொருள். இது என் துறையின் பாலபாடம்.

நாம் அறிந்த ஒரே குறிப்பான்

இந்தியாவில் மாட்டிறைச்சியின் மீது மரபணுக் குறிப்பான் பயன்படுத்தப்படவே இல்லை என்று இதுவரை வாசித்தவர்கள் நினைத்திருக்கலாம். பயன்படுத்தப்படுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம்-பி போன்ற மரபணுப் பகுதிகளைப் படியெடுத்து, பறிமுதல் செய்யப்பட்ட இறைச்சி பசுவினுடையதா எருமையினுடையதா என்று கண்டறியும் சோதனை நம் நாட்டில் நன்கு வளர்ந்த தொழில்நுட்பம். உணவுக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கவும் வனவிலங்கு வேட்டையைத் தடுக்கவும் அது உதவுகிறது. அதில் குறைகாண ஒன்றுமில்லை.

ஆனால் 2015 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில் முகமது அக்லாக் தம் வீட்டிலிருந்து இழுக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்ட பின், நாடு எந்தக் கேள்வியைக் கேட்டது? அங்குக் கைப்பற்றப்பட்ட இறைச்சி எந்த விலங்கினுடையது என்று கேட்டது. மாதிரி ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது; ஓர் அறிக்கை ஒன்றைச் சொன்னது, பின்னர் வந்த அறிக்கை வேறொன்றைச் சொன்னது; இரண்டையும் வைத்துத் தொலைக்காட்சிகள் வாதிட்டன. எந்த அறிக்கை சரியாக இருந்தாலும் ஒரு மனிதர் கொல்லப்பட்டது கொலையே என்ற எளிய வாக்கியம் அந்த மரபணு விவாதத்தில் அமுங்கிப்போயிற்று.

கன்று உயிரோடிருந்தபோது அதன் மரபணுவை எவரும் வாசிக்கவில்லை. எடையை எவரும் எழுதவில்லை. அது குற்றத்தின் தடயமானபோது அறிவியல் முழுக் கருவிகளோடும் வந்து நின்றது. சொல்லை மறைத்தால் அறிவியலுக்கு என்ன குறை என்று கேட்டவர்களுக்கு என் விடை இதுவே. மறைக்கப்பட்ட சொல் அழிந்துவிடுவதில்லை; முதல் தகவல் அறிக்கையில் அதே சொல் முழு எழுத்துகளோடும் எழுதப்படுகிறது.

எதிர்பார்க்கும் மறுப்புகள்

முதல் மறுப்பு முற்போக்கு நண்பர்களிடமிருந்து வரும்: மரபணுத் தெரிவு பெருநிறுவன வேளாண்மையின் கருவி, அதை ஏன் கேட்கிறீர்கள்? பெல்ஜியன் ப்ளூவின் தாய்ப்பசுக்களை மேலே குறிப்பிட்டேன். அந்தத் திசையில் நடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அளக்காமல் இருப்பது எளியவர்க்குக் காப்பு ஆகாது. பதிவேடு இல்லாத இடத்தில் 'நாட்டு மாடு' என்ற பெயரில் எதையும் விற்கலாம், விற்றுக்கொண்டும் இருக்கிறார்கள்.

இரண்டாம் மறுப்பு சூழலியலாளர்களுடையது: மாட்டிறைச்சி உலகை வெப்பமாக்குகிறது. உண்மை. ஆனால் நம் ஆண் கன்று இறைச்சிக்காகப் பிறக்கவில்லை. நீங்களும் நானும் தேநீரில் ஊற்றும் பாலுக்காகப் பிறந்தது. பசு பால் தர வேண்டுமெனில் கன்று ஈன வேண்டும். பாலை ஏற்று, அதன் உடன்பிறப்பான கன்றை மட்டும் கணக்கிலிருந்து நீக்குவது சூழலியல் ஆகாது, கணக்கில் செய்யும் தில்லுமுல்லு.

மூன்றாம் மறுப்பு என் நண்பருடையது, அதை நான் மிகவும் மதிக்கிறேன்: சொல்லை எழுதினால் நிதி போகும், வழிகாட்டி தயங்குவார், வேலை கிடைக்காது, நீ மொழியியல் துறையிலிருந்து வீரம் பேசலாம். இதற்கு என்னிடம் முழு விடையில்லை. ஆய்வு உதவித்தொகை வராத மாதங்களின் அச்சத்தை நானும் அறிவேன். ஆனால் இந்தச் சுமையை ஆய்வு மாணவர்மேல் ஏற்றி வைத்திருப்பவர்கள் பதவி உறுதிபெற்ற மூத்தோர். அவர்கள் எழுதினால் அவர்கள் இழப்பது குறைவு. எனவே என் கோபம் தலைப்பை மாற்றிய மாணவர்மேல் இல்லை; மாற்றச் சொன்ன அறையின்மேல்.

நான்காம் மறுப்பு: இது நம்பிக்கையைப் புண்படுத்தும். பசுவை வணங்குவோர் வணங்கட்டும். அவர்களுக்கும் அந்த ஆண் கன்று எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. எடைபோடுவது எவர் நம்பிக்கைக்கும் எதிரானதன்று.

செய்யக்கூடியவை

குறைகூறிவிட்டு நகர்ந்துவிட விரும்பவில்லை. இன்றுள்ள சட்டங்களுக்குள்ளேயே தொடங்கக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, அரசுப் பண்ணைகளிலும் இனவிருத்திப் பகுதிகளிலும் பிறக்கும் ஒவ்வொரு கன்றையும், ஆணாயினும் பெண்ணாயினும், பிறப்பிலும் ஆறாம் மாதத்திலும் ஓராண்டிலும் அளந்து, அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணோடு சேர்த்துப் பதிய வேண்டும். எடைமேடை இல்லாத ஊரில் மார்புச் சுற்றளவை அளக்கும் நாடா போதும். மதிப்பீட்டு எடை கிடைக்கும். காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஹள்ளிகார் எனப் பெருமையோடு மேடையேற்றும் இனங்களிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டு, எருமையைப் பற்றியாவது வெளிப்படையாகப் பேசுவோம். உலகின் முன்னணி எருமை இறைச்சி ஏற்றுமதியாளர் நாம். அந்நியச் செலாவணி ஈட்டும் அந்த உடலின் வளர்ச்சி மரபணுவியலுக்கு 'மஹிஷ் சிப்' பயன்பாட்டில் ஓர் அதிகாரப்பூர்வ நோக்கமாக இடம் தர வேண்டும்.

மூன்று, இறைச்சிக் கடைக்காரர்களிடமும் மாட்டுத் தரகர்களிடமும் கண்ணால் எடை மதிப்பிடும் அறிவும், உடலுறுப்புக்கும் கறிவகைக்கும் தனித்தனிப் பெயர்களும் உள்ளன. அவர்களின் குழூஉக்குறியைத் தொகுக்கும் வேலை என் துறையினுடையது. நாம் அதைச் செய்யவில்லை. இக்குற்றத்தில் நான் முதற்பங்கு ஏற்கிறேன். அடுத்த ஆண்டு களப்பணியில் இதைச் சேர்த்துக்கொள்ளவிருக்கிறேன். உடன்வர விரும்பும் மாணவர்கள் உட்பெட்டியில் எழுதுக.

நான்கு, தலைப்பில் சொல்லை எழுதுங்கள். உங்கள் ஆய்வு இறைச்சியைப் பற்றியதெனில் இறைச்சி என்று எழுதுங்கள். மூத்தோரே, முதலில் நீங்கள் எழுதுங்கள்.

மாட்டுக்குச் செல்வம் என்ற பழம்பொருள் உண்டு என்பதைத் தமிழ் மேடைகளில் நாம் அலுக்காமல் சொல்கிறோம். செல்வம் என்பவர் எண்ணிப் பார்ப்பார், எடைபோட்டுப் பார்ப்பார். பாதிச் செல்வத்தின் எடையை எழுதவும் அதன் பயனைச் சொல்லவும் கூசுகிறவர் அதைச் செல்வமென்று அழைப்பதில் பொருளில்லை. நான் வாழும் இப்பகுதியின் பெயரில் 'ஜீவன' இருக்கிறது. எங்கள் தமிழில் ஜீவனம் என்றால் பிழைப்பு. இங்கே அந்தக் கறியை வாங்கி, விசில்களை எண்ணி, பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறவர்களும் இந்த நாட்டு அறிவியலின் பயனாளிகளே. அவர்களின் தட்டில் இருப்பதன் பெயரை ஆய்வேட்டில் எழுதக் கூசும் அறிவியல் எவருக்காக நடக்கிறது என்று கேட்கவே இவ்வளவும் எழுதினேன்.

பின்குறிப்பு: நண்பரின் கட்டுரைத் தலைப்பு இன்னும் பழைய சொல்லுக்குத் திரும்பவில்லை. அவரை எவரும் வற்புறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜீவனஹள்ளி, பெங்களூரு